வெள்ளித்தாளின் பின்பக்கம்

அந்த வீட்டில் வயதில் எல்லாருக்கும் இளையது நடுச்சுவர்தான். எல்லாருக்கும் முன்னால் மூப்புத் தட்டியதும் அதற்குத்தான்.

ஒரே கூடமாக இருந்த இடத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு அது நின்றது. அந்தப் பக்கம் அண்ணன் வீடு. சுவர்களில் ஓதம் ஏறாமல் பூச்சு வேலை செய்யும் காண்ட்ராக்டர் அவர். இந்தப் பக்கம் தம்பி வீடு. அவன் லாரி டிரைவர். இருவருக்கும் நடுவில் பிறந்த அக்கா, தம்பி வீட்டு முன்னறையில் இஸ்திரி மேஜை போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். படுக்கையும் அங்கேதான்.

சென்ற வாரம் கிளினிக்கிலிருந்து ஒரு மூட்டை வெள்ளைக் கோட்டுகள் திரும்பி வந்தன. தோள்பட்டைகளில் சாம்பல் நிறப் பூஞ்சைப் புள்ளிகள். "வீடே அழுகுது, கோட்டு அழுகாதா?" என்று கேட்டாள் டிரைவரின் மனைவி. அவளுக்கு இது நிறைமாதம். அவர்கள் படுக்கும் உள்ளறையில் ஜன்னல் கிடையாது. பிறக்கப்போகும் குழந்தையை எங்கே போடுவது என்ற கேள்வி கொஞ்ச நாட்களாக அந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது.

இஸ்திரியின் ஆவியால்தான் சுவர் நனைகிறது என்பது அவள் கட்சி. சுவர் தானாகவே நனைந்துகொண்டிருக்கிறது என்பது அக்காவின் கட்சி. தீர்ப்புச் சொல்ல காண்ட்ராக்டரை விட்டால் வேறு யார்?

அவர் வந்தார். சாப்பாட்டைச் சூடு ஆறாமல் பொதிந்து வைப்போமே, அந்த வெள்ளித்தாளில் ஒரு துண்டு வெட்டி, ஈரம் பூத்த இடத்தில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டினார்.

"ரெண்டு நாள் இருக்கட்டும். தாளோட முன்பக்கம், அதாவது நம்மளப் பார்க்கற பக்கம் வேர்த்திருந்தா, ஈரம் ரூம் காத்துலேருந்து வருது. பின்பக்கம் நனைஞ்சிருந்தா சுவத்துக்குள்ளேருந்து வருது. அவ்வளவுதான். இதுல யாரும் வாயாட முடியாது."

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். முன்பக்கம் என்றால் அக்கா மேஜையைத் தூக்கிக்கொண்டு அறையைக் காலி செய்ய வேண்டும். பின்பக்கம் என்றால் காண்ட்ராக்டர் சுவரைச் சரிசெய்து தர வேண்டும், அக்கா இருப்பாள்.

இன்று தாளை உரிக்கும் நாள்.

*

"அண்ணி, தாளைத் தொட்டீங்களா?"

டிரைவர் மனைவி வாசற்படியில் நின்று அக்காவிடம் கேட்டாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை நிலைப்படியில்.

"தொட்டிருந்தா ரேகை தெரியும். வந்து பாரு."

"ரேகை பார்க்க நான் என்ன போலீஸா?"

"போலீஸா இருந்தாக்கூட வாரத்துக்கு ஒரு நாள் லீவு உண்டு. உனக்கு அதுவும் இல்லை."

உண்மையைச் சொன்னால் இருவருமே தாளை ஏமாற்றியிருந்தார்கள். அக்கா மேஜையைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய் வெயிலில் நின்று தேய்த்தாள், அறைக்குள் துளி ஆவி எழக் கூடாது என்று. அவள் துணி கொடுக்க வெளியே போன நேரம் பார்த்து, டிரைவர் மனைவி ஜன்னலைச் சாத்திவிட்டுத் தாளுக்கு நேர் கீழே ஒரு பேசின் கொதிநீரைக் கொண்டுவந்து வைத்தாள். ஒருத்தி செய்தது மற்றவளுக்குத் தெரியும். சொன்னால் தன்னுடையதும் வெளியே வரும் என்பதால் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. பொய்யில்தான் அவர்களுக்குள் ஓர் ஒற்றுமை இருந்தது.

காண்ட்ராக்டர் சலவைச் சட்டையில் வந்து சேர்ந்தார். அதைத் தேய்த்துக் கொடுத்தவளும் அக்காதான். டிரைவர் ராத்திரி ஓட்டிவிட்டு வந்த கண்களைக் கசக்கிக்கொண்டு சுவரோரம் நின்றான்.

தாளின் முன்பக்கம் வேர்த்திருந்தது.

"பாருங்க மாமா! முத்து முத்தா நிக்குது!" டிரைவர் மனைவியின் குரல் உடைந்தது. ஜெயித்த சந்தோஷம் மாதிரி இல்லை. ரொம்ப நாள் தூங்காதவளுக்கு யாரோ பாய் விரித்துக் கொடுத்தது மாதிரி இருந்தது.

"இரும்மா. உரிக்கட்டும்."

டேப்பை ஓர் ஓரத்திலிருந்து மெதுவாகக் கிழித்தார். தாள் சுவரைவிட்டு விலகிய கணத்தில் அதன் பின்னாலிருந்து தண்ணீர் கோடாக வழிந்து அவர் மணிக்கட்டில் இறங்கியது. சலவைச் சட்டையின் கைப்பட்டி நனைந்தது.

டிரைவர் எட்டிப் பார்த்தான். "ரெண்டு பக்கமும் நனைஞ்சிருக்கு! இப்ப யாருண்ணா ஜெயிச்சது?"

காண்ட்ராக்டர் தாளின் பின்பக்கத்தைச் சுண்டுவிரலால் தொட்டு, விரலை நாக்கில் வைத்தார்.

அது அவருடைய தொழில் பழக்கம். ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லாத ஆரம்ப காலத்தில் அக்காதான் அவருக்குக் கலவை கலந்து கொடுத்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஈரத்தை நக்கிப் பார்ப்பார். சப்பென்று இருந்தால் ஆவியாகவோ குழாய்க் கசிவாகவோ இருக்கும். உப்புக் கரித்தால் மண்ணிலிருந்து செங்கல் வழியாக ஏறுகிறது. மண்தான் உப்பைக் கொடுத்தனுப்பும். ருசித்த மறுகணமே விஷயத்தைச் சொல்லிவிடுவார். வீட்டுக்காரர்கள் ஜோசியரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்ப்பார்கள்.

இன்று ருசித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"ஆவிதான்."

"பின்னாடி அவ்வளவு தண்ணி வழிஞ்சுதேண்ணா?" என்றாள் அக்கா.

"ரூம்ல இருக்கற ஆவியைக் குடிச்சுக் குடிச்சு சுவர் ஊறிப்போச்சு. அதைத்தான் இப்பக் கக்குது."

"உப்பு இல்லையா?"

"இல்லை."

அவள் கண்ணைப் பார்க்காமலே சொன்னார். வெள்ளித்தாளை உள்ளங்கையில் கசக்கி உருண்டையாக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குப்பையில் போடலாம், தரையில் எறியலாம். சட்டைப்பையில் ஏன் போட்டுக்கொண்டார்?

"சாயங்காலம் வந்து இந்தப் பக்கமும் வாட்டர் ப்ரூஃப் அடிச்சு விட்டுடறேன். அதுக்குள்ள ரூமைக் காலி பண்ணிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் போனபிறகு அக்கா சுவர் அருகே வந்தாள். தாள் இருந்த இடம் மட்டும் கறுத்துப் பளபளத்தது. விரலை வைத்து, நாக்கில் வைத்தாள்.

நாக்கு சுருங்கியது.

*

ஒரே கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக, இப்போதெல்லாம் தெருவில் இறங்கி, சாக்கடைப் பலகையைத் தாண்டி, இன்னொரு படி ஏற வேண்டும். அக்கா அதிகம் போவதில்லை.

அண்ணன் வீட்டு முன்னறை கண்ணாடிபோல் இருந்தது. நடுச்சுவர் நெடுக, தரையிலிருந்து இடுப்புக்கு மேல் வரை டைல்ஸ், ஆற்றங்கரைக் கூழாங்கல் மாதிரி. வேலை கொடுக்க வருகிறவர்களை அந்தச் சுவருக்கு முன்னால்தான் உட்காரவைப்பார். "என் வீட்டுச் சுவர். தொட்டுப் பாருங்க, தூசுகூட ஒட்டாது" என்பார். அவருடைய விளம்பரப் பலகையே அதுதான்.

அதில் சாய்ந்தாற்போல் போட்ட நாற்காலியில் அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். காண்ட்ராக்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"உப்புக் கரிக்குதுண்ணா."

"சாப்பாட்டுலயா?"

"சுவத்துல."

பேப்பர் ஒரு பக்கம் புரண்டது.

"நக்கிப் பார்த்தியாக்கும்."

"நீ கத்துக் கொடுத்ததுதானே."

"தெரிஞ்சுக்கிட்டே இல்ல? அப்புறம் எதுக்கு வந்து கேக்கறே?"

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று அவள் நினைக்கவில்லை. வழியில் சேர்த்துவைத்திருந்த சொற்களெல்லாம் உபயோகமில்லாமல் போயின.

"தார் ஷீட் போட்டியா இந்தச் சுவத்துக்கு?"

எந்தச் சுவருக்கும் அடித்தளத்துக்கும் முதல் செங்கல் வரிசைக்கும் நடுவே ஒரு தார் ஷீட் விரிப்பார்கள். மண்ணின் ஈரம் அதோடு நின்றுவிடும். கோழிக்கூடு கட்டுகிறவனிடம்கூட "ஷீட் போடாம செங்கல் வைக்காதே" என்று சண்டை பிடிக்கிறவர் காண்ட்ராக்டர்.

"நாள் இல்லை" என்றார்.

"என்ன?"

"அம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்க. வீட்டைப் பிரிக்கறதை அவங்க கண்ணால பார்க்கக் கூடாதுன்னு நினைச்சேன். திரும்பி வர்றப்போ சுவர் நிக்கணும், முடிஞ்சுபோன விஷயமா இருக்கணும். அடியைத் தோண்டி, மட்டம் பார்த்து, ஷீட் விரிச்சு, அதுக்கெல்லாம் அவகாசம் ஏது? தரைமேலேயே செங்கலை வெச்சோம்."

"வெச்சோமா?"

"தம்பிதான் எடுத்துக் கொடுத்தான்."

அக்கா அந்த நாட்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்திருந்தாள். அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து கதவைத் திறந்தபோது, கூடத்தின் நடுவே ஒரு சுவர், புது ஆள் மாதிரி எழுந்து நின்று வரவேற்றது.

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது."

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல். "வந்ததும் கையை வெச்சுப் பார்த்தேன். பூச்சு கையிலயே வந்துடுச்சு. எனக்காகத்தான் அவசரப்பட்டிருக்கான்னு புரிஞ்சுது. பெத்தவ மனசு நோகக் கூடாதுன்னு எந்தப் பையன் இவ்வளவு நினைப்பான்?"

"நான் உன் பக்கத்துலயே படுத்திருந்தேம்மா."

"நீ பொண்ணு. அது வேற."

அக்கா சிரித்துவிட்டாள். சிரிப்பு வெளியே வந்தபிறகுதான் அது சிரிப்பில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

காண்ட்ராக்டர் பேப்பரை மடித்தார். "இதோ பாரு. முதல்ல ஈரம் ரெண்டு பக்கமும்தான் வந்துது. இங்க வேலை பேச வர்றவங்க உட்காருவாங்க. ஓதம் வைத்தியன் வீட்டுலயே ஓதம்னு நாலு பேர் சிரிச்சுட்டுப் போகவா? கறுப்புக் கோட்டிங் அடிச்சேன், மேல டைல்ஸ் ஒட்டினேன்."

"இந்தப் பக்கம் வழியை அடைச்சதும் தண்ணி மொத்தமும் என் பக்கம் திரும்பிடுச்சு."

"தண்ணி எங்கயாவது போகத்தானே செய்யும்?"

"அதுக்கு என் ரூம்தான் கிடைச்சுதா?"

"திட்டம் போட்டா செஞ்சேன்? அது போச்சு, நான் என்ன பண்ணட்டும்?"

"சரி பண்ணு. உனக்குத் தெரியாத வேலையா? கீழ் வரிசையைக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்து, ஷீட்டைச் செருகி, திரும்பக் கட்டு. எத்தனை வீட்டுல செஞ்சிருக்கே!"

"டைல்ஸைப் பிரிக்கணும். கோட்டிங்கைச் சுரண்டணும். மாசக்கணக்குல சுவரைத் திறந்து போட்டுக் காயவிடணும்." குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக் கட்டடத்து இன்ஜினீயர் இங்க வர்றார். மொத்தக் கட்டடத்துக்கும் பூச்சு வேலை. இந்தச் சுவரைக் காட்டறேன்னு சொல்லியிருக்கேன். இத்தனை வருஷம் மத்தவன் வீட்டு ஈரத்தை நக்கி நக்கிச் சம்பாதிச்ச பேரு. ஒரே நாள்ல போயிடும்."

"அதனால நான் போகணும்."

"உனக்கு வேற இடம் பார்த்துத் தர்றேன்னுதானே சொல்றேன்?"

"சொல்லலையே. இப்பதான் சொல்றே."

அவர் மடித்த பேப்பரை மறுபடி மடித்தார்.

அக்கா மேலே பார்த்தாள். சுவர் முடியும் இடத்தில் பழைய உத்தரம் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கிடந்தது. மொத்தக் கூரையையும் அதுதான் தாங்கியது. வீடு பிரித்தபோது பிரிக்க முடியாமல் விட்ட ஒரே பொருள்.

"என் பக்கமும் கோட்டிங் அடிச்சுட்டா தண்ணி எங்க போகும்ணா?"

"மேல."

"மேல?"

"ஏறும். மெதுவா."

"உத்தரம் வரைக்குமா?"

"அதுக்கு நாலஞ்சு வருஷம் ஆகும். அதுக்குள்ள ஏதாவது பண்ணிக்கலாம்."

"மரம் உளுத்துச்சுன்னா கீழ குழந்தை படுத்திருக்கும்ணா."

"பொறக்கவே இல்லை, அதுக்குள்ள உத்தரத்தைத் தூக்கித் தலையில போடறே. வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்று அம்மா கண்ணைத் திறந்தாள். "போய் மேஜையை எடுத்து வை. அவனுக்கு நாளைக்குப் பெரிய மனுஷங்க வர்றாங்க. நீ எங்க இருந்தாலும் பொழைச்சுக்குவே. ஈரத்துல இருந்து பழகினவ."

இதற்குமேல் நிற்க அக்காவால் முடியவில்லை. தெருவில் இறங்கியபோது சாக்கடைப் பலகை ஆடியது. அவள் விழவில்லை. விழுந்திருந்தாலும் எந்த வீட்டிலிருந்தும் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

*

முன்னறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

டிரைவர் மனைவி சுவரின் கீழ்மூலையில் குந்தி உட்கார்ந்திருந்தாள், அந்த வயிற்றோடு. நகத்தால் உப்பிய பூச்சைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். உதட்டோரம் வெள்ளையாக இருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணி, அவர்கிட்ட சொல்லிடாதீங்க." அவசரமாக வாயைத் துடைத்தாள். "என்னால முடியலை. மாசமானதிலிருந்து இப்படித்தான். நீங்க வெளியில போறப்பல்லாம் வந்து திம்பேன். இந்த ஒரு சுவர்தான் நல்லா இருக்கு. உப்பா இருக்கு."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உப்பா இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தின்னறவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா ஆவி, ஆவின்னு கத்தினே?"

"உப்புன்னா என்ன அர்த்தம்னு எனக்கெப்படி அண்ணி தெரியும்? சுவர்னா உப்பாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

அக்கா சொன்னாள். தார் ஷீட், தரைமேல் வைத்த செங்கல், டைல்ஸ், நாளை வரப்போகும் இன்ஜினீயர், ஏறப்போகும் தண்ணீர், உத்தரம். ஒன்றையும் விடவில்லை. காலையில் இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால், அறைக்காகக் கதை கட்டுகிறாள் என்று சண்டை வந்திருக்கும். இப்போது டிரைவர் மனைவி வாயில் அந்த ருசி இன்னும் இருந்தது.

அவள் நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கை தானாக வயிற்றுக்குப் போனது.

பிறகு, "அது நாலஞ்சு வருஷம் கழிச்சுத்தானே?" என்றாள்.

"ஆமா."

"என் குழந்தை இந்த மாசம் பொறக்குது."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கோபப்படாதீங்க அண்ணி. நீங்க இருக்கற வரைக்கும் மாமா சுவரைத் தொட மாட்டார். நீங்க போனா இன்னைக்கே பூசறார். ரூம் காயும். எனக்கு ஒரு ஜன்னல் கிடைக்கும். எது நியாயம்னு தெரியாமயா இருக்கேன்? தெரிஞ்சுதான் சொல்றேன்." அழுதாள். அழுதுகொண்டே, "போயிடுங்க" என்றாள்.

உள்ளறை வாசலில் டிரைவர் நின்றிருந்தான். எப்போதிலிருந்து நிற்கிறான் என்று தெரியவில்லை.

"நீயாடா செங்கல் எடுத்துக் கொடுத்தே?"

"அண்ணன் கேட்டாரு, கொடுத்தேன்."

"ஷீட் எங்கேன்னு கேக்கத் தோணலையா?"

"கேட்டேங்கா. 'தொழில் நீ பார்க்கறியா, நான் பார்க்கறனா'ன்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... செங்கல் எடுத்துக் கொடுத்தேன்."

*

வெயில் தணிந்ததும் காண்ட்ராக்டர் ஒரு டிரம்மைத் தூக்கிக்கொண்டு தனியாகவே வந்தார். ஆள் அழைத்து வந்தால் பேச்சு வெளியே போகும். சுத்தியலும் உளியும் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, டிரம்மின் மூடியை நெம்பினார். தார் வாசனை அறையை நிறைத்தது.

மேஜை இருந்த இடத்திலேயே இருந்தது.

"இன்னும் எடுக்கலையா?"

"உப்பின பூச்சையெல்லாம் தட்டிட்டுப் பூசுங்க மாமா," என்றாள் டிரைவர் மனைவி. "மேல உத்தரத்துக்கும் ஏதாவது அடிச்சு விட்டுடுங்க."

காண்ட்ராக்டர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லிட்டியாக்கும்."

"என்னத்தை?" என்றாள் அக்கா. "ஆவின்னு நீதானே தீர்ப்புச் சொன்னே? நான் எதுக்கு மாத்திச் சொல்லப் போறேன்? பேச்சுன்னா பேச்சு. நான் காலி பண்றேன்."

அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அந்த மூச்சைக் கேட்டதும்தான் அவளுக்குக் கடைசித் தயக்கமும் போனது.

இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றினாள். துணி மூட்டையைத் தோளில் போட்டாள்.

"டேய், மேஜையை அந்தப் பக்கம் பிடி."

"எங்கக்கா போறே?" டிரைவர் குனிந்தான்.

"பெரிய வீட்டுக்கு."

"எந்தப் பெரிய வீடு?" என்றார் காண்ட்ராக்டர்.

"உன் வீடுதாண்ணா. எனக்கு வேறே எது?"

"அங்க எப்படி? அங்க நாளைக்கு..."

"ஆவி பட்டா கெடற சுவர் இது. உன் பக்கம் கோட்டிங் அடிச்சு, டைல்ஸ் ஒட்டி, தூசுகூட ஒட்டாதுன்னு நீயே சொல்றே. அதைவிட நல்ல இடம் எனக்கு யாரு பார்த்துத் தருவா? தூக்குடா."

டிரைவர் தூக்கினான். அன்று செங்கல் கேட்டபோது கொடுத்தவன், இன்று மேஜை என்றதும் தூக்கினான். தெருவில் இறங்கி, பலகையைத் தாண்டி, படி ஏறினார்கள். பின்னால் பிரஷ்ஷும் கையுமாகக் காண்ட்ராக்டர் ஓடி வந்தார். எதிர்வீட்டில் யாரோ எட்டிப் பார்த்ததும் ஓட்டத்தை நடையாக்கிக்கொண்டார்.

டைல்ஸ் சுவருக்கு நேர் எதிரே, வேலை பேச வருகிறவர்கள் உட்காரும் இரண்டு நாற்காலிகளையும் ஒதுக்கிவிட்டு, அக்கா மேஜையைப் போட்டாள்.

"இது என்னடி கூத்து?" அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நாளைக்குப் பெரிய மனுஷங்க வர்ற இடம்."

"வரட்டும்மா. சட்டை கசங்கியிருந்தா தேய்ச்சுத் தர்றேன். ஏன் இங்க வந்தேன்னு கேட்டா சொல்றேன். கேக்கலைன்னா சொல்லலை."

பெட்டியைச் சொருகினாள். அது சூடாகும் வரை காத்திருந்தாள். கிளினிக் கோட்டு ஒன்றை விரித்துத் தண்ணீர் தெளித்து அழுத்தினாள். ஆவி பொங்கி எழுந்தது. பூஞ்சைப் புள்ளிகள் போகவில்லை. இனி அவை போகாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் காலரை மடித்து ஒழுங்காகவே தேய்த்தாள்.

காண்ட்ராக்டரின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். இன்ஜினீயர். கையிலிருந்த பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டுத் தார், வழுவழுவென்ற அவர் வீட்டுத் தரையில் விழுந்தது. போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எத்தனை நாளைக்கு இப்படி?" என்றார். குரலில் காலையில் இருந்த அதிகாரம் இல்லை.

அக்கா கோட்டைத் திருப்பிப் போட்டாள்.

"சுவர் காயற வரைக்கும்."

எவ்வளவு காலம் என்று அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

வெளியே டிரைவர் தன் வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தான். திரும்பி வந்தபோது அண்ணனின் சுத்தியலும் உளியும் அவன் கையில் இருந்தன. பின்னால் வாசற்படியில் நின்று அவன் மனைவி அவனைக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. முன்னால் போகவும் இல்லை. இரண்டு வாசல்களுக்கும் நடுவே தெருவில் நின்று, எந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்ட ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.